மீட்டருக்கு இப்பாலும் அப்பாலும்

ஒரு கட்டடத்தில் பற்றிய தீ அணைந்தவுடன் துன்பம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். மறுநாள் செய்தித்தாளும் 'மின்கசிவே காரணம்' என்று எழுதி முடித்துவிடுகிறது. ஆனால் அங்குக் குடியிருப்போருக்கு அதன் பின்னரே ஒரு வினா பிறக்கிறது. நின்றுபோன மின்சாரத்தையும் நீரையும் மீண்டும் கொண்டுவர ஆகும் செலவை யார் கொடுப்பது?

வள்ளியூரில் நாங்கள் வாழும் கட்டடம் எட்டு வீடுகளைக் கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை இரவில், படிக்கட்டின் கீழிருந்த மீட்டர் பலகை தீப்பற்றி எரிந்தது. இறையருளால் உயிருக்கு ஊறு நேரவில்லை. எட்டு மீட்டர்களும் நீரேற்றும் மோட்டாரின் சுவிட்சும் கரியாயின. மேல்நிலைத் தொட்டி வறண்டது. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல, கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இயங்க, நாங்கள் மெழுகுதிரி ஏற்றி அமர்ந்திருந்தோம்.

மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. "எங்கள் வீட்டுக் கம்பி கெடவில்லையே" என்றனர் தரைத்தளத்தார். வெளிநாட்டிலிருந்த உரிமையாளர் ஒருவர், "குடியிருப்பவர்தாம் தர வேண்டும்" என்று தொலைபேசியில் கூறிவிட்டார். அவ்வீட்டில் வாடகைக்கு இருந்தவர் தனித்து வாழ்ந்த ஓர் ஆச்சி. தம் இன்சுலின் மருந்தை அடுத்த தெரு வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். குடத்தில் நீர் சுமந்து மூன்று மாடி ஏறினார். அவரிடம் கேட்ட பங்கோ அவருடைய இரண்டு மாத வாடகைக்கு மேல்.

விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில், முள்ளில் பற்றிய நெருப்பு பிறர் தானியத்தை எரித்துவிட்டால், நெருப்பை மூட்டியவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி உண்டு. மூட்டியவன் இன்னாரென்று தெரிந்தால் இந்நெறி போதும். மின்கசிவுக்கோ முகமில்லை. எனவே ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தோம்.

சட்டம் மீட்டரை எல்லையாகக் கொள்கிறது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் கம்பி வாரியத்தின் உடைமை. அதற்கு அப்பால் உள்ளவை வீட்டாரின் பொறுப்பு. படிக்கட்டு, மோட்டார் போன்ற பொதுவானவற்றின் செலவை, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமையாளர்கள் மீதே வைத்தன. வாடகை வீடுகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், மின்கம்பிகளைச் சீர்செய்வது வீட்டு உரிமையாளர் கடன். சுவிட்சு, பிளக் போன்றவற்றின் பழுது குடியிருப்பவர் கடன். குடியிருப்பவரே சேதம் விளைவித்திருந்தால் கதை வேறு. ஆச்சி எதையும் விளைவிக்கவில்லை.

'எங்கள் கம்பி கெடவில்லை' என்ற வாதத்திற்கு இலண்டன் மாநகரில் விடை உண்டு. 2017 ஜூன் 14 அன்று அங்குள்ள கிரென்ஃபெல் அடுக்ககம் எரிந்து 72 பேர் மாண்டனர். அருகிலிருந்த தாழ்ந்த குடியிருப்புகள் எரியவில்லை. ஆயினும் அவற்றில் வெந்நீர் நின்றுபோயிற்று. அவற்றுக்கான கொதிகலன் எரிந்த கட்டடத்தின் அடியில் இருந்ததே காரணம். கூடி வாழ்வோரிடையே எரியாத வீடு என்று ஒன்று இல்லை.

எங்கள் வாதத்தை நிறுத்தியவர் ஆச்சிதாம். "தீ வச்சது யாருன்னு பொறவு பாருங்கய்யா. முதல்ல தண்ணிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். வசதியுள்ள ஐந்து வீட்டார் முன்பணம் போட்டோம். உரிமம் பெற்ற மின்பணியாளர் கம்பிகளை மாற்றிச் சோதித்துச் சான்றளித்தார். ஒன்பதாம் நாள் இணைப்பு வந்தது. அதன் பின்னரே கணக்குப் பேசினோம். வெளிநாட்டு உரிமையாளர் நான்கு மாதம் கழித்துத் தம் பங்கை அனுப்பினார். ஆச்சியிடம் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனால் அவர் இன்றும் எங்களோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. நியாயத்திற்கும் ஒரு விலை உண்டு போலும்.

அன்பர்களே, அடுக்கு வீடுகளில் வாழ்வோர் இதனைத் தீ வருமுன்னரே பேசி முடிப்பது நலம். பொதுப் பலகைக்கென ஒரு சிறு நிதி, ஓர் ஆண்டுச் சோதனை, ஒரு தீக்காப்பீடு ஆகியவை போதும். சங்கக் குறிப்பேட்டில் இரண்டு வரிகளும் எழுதி வைப்போம்: முதலில் நீரும் விளக்கும், பின்னர் கணக்கு, உடைமையாளரின் சுமை குடியிருப்பவர் தோளில் ஏறலாகாது. குற்றவாளியைத் தேட நாள்கள் உண்டு. குடத்தோடு படியேறும் முதியவருக்கு அத்தனை நாள்கள் இல்லை.