நான் காணாத கமியோக்கா

என் பெட்டியிலே ஒரு கடவுச்சீட்டு கிடக்கிறது. அதன் பக்கங்களில் ஒரு முத்திரைகூட விழவில்லை. பொட்டிப்புரத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன் நான், கலைப் பட்டதாரி, சம்பளத்தில் மிச்சம் பிடித்தே கடல் கடக்க வேண்டியவன். ஆயினும் போகத்தான் போகிறேன், ஒரு நாள், ஜப்பானுக்கு!

ஜப்பானா? செர்ரி மலர்களைக் காணவா? விரைவு ரயிலில் பறக்கவா? நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை, தோழர்களே! கமியோக்கா என்னும் மலையூரைக் காண.

அந்த ஆசையை விதைத்தவள் என் மாணவி ஒருத்தி. எங்கள் ஊரருகே நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, 2015 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். ஊர் எதிர்த்தது. வழக்குகள் எழுந்தன. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிந்தது. இந்தப் பேச்சு வகுப்பறைக்குள் நுழைந்த ஒரு நாள், அச்சிறுமி எழுந்து கேட்டாள்: "சார், நியூட்ரினோ வந்தா நாம எல்லாரும் செத்துப் போயிருவோமா?"

நான் விழித்தேன். மேடையில் முழங்கியவன், மறியலில் நின்றவன், விடை அறியேன்! "ஏன், எதற்கு என்று கேள்" என நாள்தோறும் போதிப்பவன், கேட்டவளைப் பார்த்து "உட்கார்" என்றேன். அன்றிரவு நாணினேன். நூல்களைத் தேடினேன்.

நியூட்ரினோ கொல்வதில்லை. கதிரவனில் பிறந்து, நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தை நொடிக்குப் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன. உடல் அதை அறிவதுமில்லை. அவற்றைக் கண்டறிய, மற்றத் துகள்களின் தொல்லை குறைந்த மலைக்கடி வேண்டும். கமியோக்காவில் 1,000 மீட்டர் பாறைக்கு அடியில், 50,000 டன் தூய நீர் கொள்ளும் தொட்டியை அமைத்தார்கள். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதற்கு 1998இல் அங்கே சான்று கிடைத்தது. 2015இல் தகாக்கி கஜித்தா நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் எதிர்த்த எம் உழவர் மூடரா? அல்லர்! கமியோக்காவின் மறுபக்கத்தைப் படித்தபோது அது விளங்கிற்று. அது பழைய துத்தநாகச் சுரங்கத்து மலை. சுரங்கக் கழிவின் காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்தது; ஆறு வயலில் பாய்ந்தது; வயல் சோறாயிற்று. கீழேயிருந்த ஊர்ப் பெண்களின் எலும்புகள் நொறுங்கின. 'இத்தாய், இத்தாய்', அதாவது 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அலறினார்கள். அலறலே நோயின் பெயராயிற்று. ஊர் என்ன சொல்லிற்று? முன்வினை என்றது! வினையன்று, சுரங்கத்தின் நஞ்சு என்று எடுத்துரைத்தார் உள்ளூர் மருத்துவர் ஹகினோ நோபோரு. மக்கள் 1968இல் வழக்குத் தொடுத்து, 1972இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். இழப்பீட்டோடு நின்றார்களா? இல்லை. ஆண்டுதோறும் அறிஞர்களுடன் சுரங்க ஆலைக்குள் நுழைந்து சோதிக்கும் உரிமையையும் பெற்றார்கள்!

ஆய்வகம் வேறு, துத்தநாகச் சுரங்கம் வேறு. இரண்டையும் குழப்புவது பகுத்தறிவன்று. ஆனால் துகளைப் பற்றிய அச்சம் வேறு. வெடிவைத்துக் குடையும் பாறை, எழும் தூசு, ஊற்றுநீர், ஆடு மேயும் நிலம் பற்றிய கேள்வி வேறு. முன்னதை அறிவு போக்கும். பின்னதற்கு, கேட்ட மக்களிடமே விடை சொல்லியாக வேண்டும்.

ஆகவேதான் என் கனவு இப்படி நீள்கிறது. தொயாமா நகரில் இறங்குவேன். 2012இல் திறக்கப்பட்ட, அந்நோயின் வரலாறு கூறும் அருங்காட்சியகத்தில் முதலில் நிற்பேன். பிறகு ஆற்றை எதிர்த்து மலையேறுவேன். சோதனைக்குச் செல்லும் உழவரைக் கண்டால், "அந்தக் கதவை எப்படித் திறக்க வைத்தீர்கள்?" என்பேன். ஆய்வகத்து அறிஞரிடம், "உங்கள் ஆய்வை உழவருக்கு எந்த மொழியில் விளக்கினீர்கள்?" என்பேன்.

பயணம் என்று கைகூடுமோ! ஆனால் சில நாள் கழித்து அந்தச் சிறுமியிடம், "அன்று எனக்கு விடை தெரியவில்லை; உட்கார் என்றது என் பிழை" என்று சொல்லி, படித்ததை எடுத்துரைத்தேன். அவள் விடவில்லை: "சரி சார், மலையக் குடைஞ்சா எங்க கிணத்துத் தண்ணி என்னாகும்?"

இம்முறை நான் உட்காரச் சொல்லவில்லை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். கமியோக்காவுக்கு நான் கொண்டுபோகும் முதற்கேள்வி அதுவே.