தாத்தாவின் மஞ்சள் முகக் கடிகாரம்

எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1970-ஆம் ஆண்டில் அப்பா பிறந்த மகிழ்ச்சியில், சுங்கை சிப்புட் அருகே தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த தாத்தா, ஈப்போவுக்குப் போய்த் தவணைக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிவந்தார் என்பதே அந்தக் கதை. மஞ்சள் நிற முகப்பு. சுற்றிலும் நீலமும் சிவப்புமான வளையம். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். தாத்தா மறைந்தபின் அது பாட்டியின் இரும்புப் பெட்டிக்குள் போனது. நான் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றபோது பாட்டி அதை என் கையில் கொடுத்து, "படிப்புக்கு ஆவும்னா வித்துக்கடா" என்றார்.

இரண்டாம் ஆண்டில் பணத்தட்டுப்பாடு வந்தது. பழைய கடிகாரங்களைச் சேகரிக்கும் ஒருவரிடம் காட்டினேன். முகப்பைப் பார்த்ததுமே அவர் கண்கள் விரிந்தன. "1970-ஆம் ஆண்டுப் பொருள்தான் என்றால் ஆயிரத்து எழுநூறு ரிங்கிட் தருகிறேன். அடுத்த வாரம் கொண்டு வாருங்கள்" என்றார். பின்பக்கத்தை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவ்வளவு மதிப்பு ஏன் என்று அறியும் ஆவலில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அது செய்க்கோ நிறுவனத்தின் 6139 வகை. 1969-இல் வெளிவந்தது. தானாகச் சாவி ஏறிக்கொள்ளும், நேரத்தை அளந்து நிறுத்தவும் உதவும் கடிகாரங்களில் உலகின் முதல் சிலவற்றுள் ஒன்று. 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற வில்லியம் போக் என்ற அமெரிக்க விண்வெளி வீரர், இதே மஞ்சள் முகக் கடிகாரத்தைத் தம் சொந்த விருப்பத்தில் எடுத்துச் சென்றிருக்கிறார். 84 நாள்கள் அங்கிருந்து 1974 பிப்ரவரியில் திரும்பினார். அச்செய்தி பரவிய பிறகுதான் இதற்குக் கிராக்கி கூடியது. கிராக்கி கூடினால் போலியும் கூடுமல்லவா? மஞ்சள் முகப்பைப் புதிதாக அச்சடித்து விற்பவர்களும் தோன்றினார்கள்.

எங்களுடையது அவற்றுள்ளும் சற்று அரிய வகை. முகப்பில் 'வாட்டர் 70எம் புரூஃப்' என்று இருந்தது. தொடக்க கால முகப்புகளில் மட்டுமே 'புரூஃப்' என்ற சொல் உண்டு. தண்ணீர் அறவே புகாது என்று எந்தக் கடிகாரத்துக்கும் உறுதி கூற முடியாது. அதனால் அச்சொல் கைவிடப்பட்டு, தண்ணீரைத் தாங்கும் என்ற பொருளில் 'ரெசிஸ்ட்' என்று மாற்றப்பட்டது. பின்னர் அந்த வரியே முகப்பிலிருந்து மறைந்தது.

அடுத்துப் பின்மூடியைப் பார்த்தேன். செய்க்கோவின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டையும் அடுத்தது மாதத்தையும் குறிக்கும். எங்கள் கடிகாரத்தின் எண் 64 என்று தொடங்கியது. 1966-இல் இந்த வகையே பிறக்கவில்லை. ஆகவே அது 1976 ஏப்ரல்!

மனம் சோர்ந்துவிட்டது. தாத்தா பொய் சொன்னாரா? யாரோ அணிந்து பழசாக்கியதை வாங்கிவந்து, மகன் பிறந்த கதையை ஒட்டவைத்தாரா? அல்லது முகப்பே போலியா?

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உள்ளே 6139பி என்று பொறித்திருந்தது. தொடக்க காலத்தவற்றில் 6139ஏ என்று இருக்குமாம். பி பின்னால் வந்தது. அதாவது, இயந்திரமும் மூடியும் ஒரு பக்கம். முகப்பு வேறு பக்கம்.

"அப்படியென்றால் முகப்பு போலிதானே?" என்றேன்.

"அவசரப்படாதீங்க தம்பி" என்று என்னையே பார்க்கச் சொன்னார். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது. போலி அச்சில் அது மங்கிக் கசிந்திருக்கும். இருட்டில் ஒளிரும் பூச்சு முகப்பில் பழுப்பேறிக் கிடந்தது. முட்களிலோ வெளுப்பாக இருந்தது. ஆக, முட்கள்தான் பிற்பாடு வந்தவை. முகப்பின் ஓரத்தில், ஆறு மணிக்கு அருகே, பிறைபோல ஒரு கறை. "தண்ணி உள்ள போயிருக்கு. புதுசா அச்சடிச்சவன் இந்தக் கறையைப் போட மாட்டான்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் பாட்டியிடம் போய்க் கறையைக் காட்டினேன். பாட்டி சிரித்துவிட்டார்.

"ஒன் அத்த அப்ப கைப்புள்ள. தண்ணி போகாதுன்னு இதுலயே எழுதியிருக்குன்னு சொல்லி, இத கட்டிக்கிட்டே ஆத்துல எறங்கிட்டாரு ஒங்க தாத்தா. மறுநாளு நின்னு போச்சு. உள்ளெல்லாம் துரு. கடக்காரரு வேற வாட்ச்சு ஒன்னு எடுத்து, எல்லாத்தையும் மாத்திப்புட்டாரு. மொகத்த மட்டும் மாத்தக்கூடாதுன்னு இவருதான் புடிவாதமா நின்னாரு."

அத்தை பிறந்தது 1978-இல். கணக்குச் சரியாக இருந்தது. கடிகாரத்தில் நீரைத் தடுப்பது மூடிக்கும் பொத்தான்களுக்கும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்தான். எட்டாண்டுகளில் அது இறுகி வெடித்திருக்கும். முகப்பில் எழுதியிருந்ததை நம்பி ஆற்றில் இறங்கிய தாத்தாவை, ஒரு வார காலம் பொய்யராக எண்ணிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

சேகரிப்பாளரிடம் போனேன். பையில் பணத்தோடு வந்திருந்தார். இப்போதும் அவர் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. வாய்திறக்காமல் இருந்திருந்தால் ஆயிரத்து எழுநூறு வெள்ளி என் கையில். அந்தப் பருவத்துச் செலவு முழுவதும் தீர்ந்திருக்கும். ஒரு கணம் தடுமாறியது உண்மை. பிறகு நானே திருப்பிக் காட்டினேன். எதெது எந்தக் காலத்தது என்பதையும் சொன்னேன். அவர் நீண்ட பெருமூச்சு விட்டு, "கலவைக் கடிகாரம். அறுநூறு தரலாம்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் அவருக்கு அது அசல். நான் நன்றி சொல்லிக் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். செலவுக்கு விடுமுறையில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன்.

எனக்கு அதில் அசல் எது? எல்லாம் மாறிய பிறகும் தாத்தா விடாமல் காப்பாற்றிய அந்த முகம்தான். ஆனால் அதற்காகக் கடிகாரம் முழுவதும் 1970-ஆம் ஆண்டுடையது என்று இனி நான் சொல்லமாட்டேன்.

கடிகாரப் பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். 'முகப்பு 1970. பின்மூடி 1976. இயந்திரமும் முட்களும் பின்னர் மாற்றப்பட்டவை. கறை, ஆற்றுத் தண்ணீர்.' நாளை எங்கள் குடும்பத்தில் யாரேனும் மூடியைத் திறந்து பார்த்தால், என்னைப்போல் தாத்தாவைச் சந்தேகப்படக்கூடாது அல்லவா?