கெட்ட பேருக்குத் தள்ளுபடி

பி.காம். படித்தவனிடம் கார் வாங்க யோசனை கேட்கக் கூடாது. மைலேஜைப் பற்றிப் பேச மாட்டான். தேய்மானத்தைப் பற்றிப் பேசுவான். நம் வருமான வரிக் கணக்குப்படி, சொந்தத் தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். ஒரு லட்ச ரூபாய்க் காரை இப்படியே கழித்துக்கொண்டு போனால், ஐம்பதாவது வருஷம் புத்தகத்தில் அதன் மதிப்பு முப்பது ரூபாய்கூட இருக்காது. இரண்டு டீ குடிக்கலாம். வடை கேட்காதீர்கள்!

ஆனால் அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஐம்பது, அறுபது வருஷத்துக் காரைக் காசு கொடுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை துடைத்து, இருபது மைல் ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து மறுபடி துடைக்கிற கூட்டம். அதில் சேர வேண்டும் என்ற ஆசை என் பெரியப்பா மகனுக்கு வந்துவிட்டது. மிச்சிகனில் கம்ப்யூட்டர் உத்தியோகம். நாற்பத்தைந்து வயசு, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு வீட்டுக் கடன். ஆசை வருவதற்குச் சரியான வயசுதான்.

‘‘டேய், ஹார்ட்டாப்புடா! நாலு கதவு! துரு இல்லே!’’ என்றார் போனில்.

ஹார்ட்டாப் என்றால் என்ன? நம் அம்பாஸடரில் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் தரையிலிருந்து கூரை வரை ஒரு தூண் இருக்கும். ஹார்ட்டாப்பில் ஜன்னல் மட்டத்துக்கு மேலே அது கிடையாது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே திறப்பு. நடுக்கால் நடாத பந்தல்! துணிக் கூரைக் காரின் அழகு வேண்டும், மழையில் நனையவும் கூடாது என்கிறவர்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1949ல் ப்யூக், காடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் மூன்றிலும் இதை இறக்கியது. 1955ல் நாலு கதவிலும் வந்தது. அப்புறம் கார் கவிழ்ந்தால் கூரை தாங்குமா என்று அரசாங்கம் கேட்க ஆரம்பித்தது. ஏ.ஸி. வந்தபின் கண்ணாடியை இறக்குவாரும் இல்லை. 1978ல் கிரைஸ்லரோடு அமெரிக்காவில் அந்த ஜாதியே முடிந்தது.

‘‘என்ன கார் அண்ணே? இம்பாலாவா?’’ என்றேன். நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் வில்லன் வந்து இறங்குகிற இம்பாலாதானே!

‘‘இம்பாலாவுக்கு எங்கடா போறது? ஷெவர்லே கோர்வேர். 1967.’’

பின்னாலிருந்து அண்ணி குரல்: ‘‘தம்பி, அந்தக் கார் ஆளைக் கொல்லும்னு ஒருத்தர் புஸ்தகமே எழுதியிருக்காராம். அதையும் கேளுங்க!’’

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். சுவாரஸ்யமான கேஸ், ஸார்.

கோர்வேர் 1960 மாடலாக வந்த கார். எஞ்சின் பின்னால், நம் ஆட்டோ மாதிரி. ஆறு சிலிண்டர், தண்ணீர் கிடையாது, காற்றிலேயே குளிரும், நம் புல்லட் மாதிரி. படகு படகாகக் கார் செய்துகொண்டிருந்த டெட்ராய்ட்காரர்கள், ஜெர்மனியிலிருந்து வந்து விற்றுக்கொண்டிருந்த வோக்ஸ்வேகனைப் பார்த்துச் செய்த பதில் அது.

கோளாறு பின் சக்கரத்தில். பாரத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்னால். பின் ஆக்ஸில் உள்முனையில் மட்டும் மடங்குகிற ரகம். வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். பின்புறம் வீசிக்கொண்டு போகும். இதைச் சமாளிக்கக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னது. பின் டயருக்கு 26 பவுண்டு, முன் டயருக்கு வெறும் 15! பெட்ரோல் பங்க் பையனுக்கு இது தெரியுமா? நாலுக்கும் ஒரே அளவாக அடித்து அனுப்பியிருப்பான். முன்பக்கம் ஒரு நிலைப்படுத்தும் கம்பி போட்டிருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்திருக்கும். சில டாலர் மிச்சம் பிடித்தார்கள்.

ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல் 1965 நவம்பரில் ஒரு புத்தகம் போட்டார். ‘எந்த வேகத்திலும் ஆபத்து’ என்ற அர்த்தத்தில் தலைப்பு. முதல் அத்தியாயமே கோர்வேர். கம்பெனி பதில் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு அவர் பின்னால் துப்பறியும் ஆட்களை அனுப்பியது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் கமிட்டி முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். நேடர் போட்ட வழக்கை 1970ல் 4,25,000 டாலர் கொடுத்து முடித்தார்கள். மிச்சம் பிடித்த சில டாலரை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். புத்தகம் குற்றம் சொன்னது 1960 முதல் 1963 வரை வந்த மாடல்களை. 1964லேயே நிலைப்படுத்தும் கம்பி போட்டாயிற்று. 1965ல் பின் சக்கர அமைப்பையே தூக்கி எறிந்து புதிதாகச் செய்துவிட்டார்கள். உடம்பும் புதுசு, கூரை மூடிய கோர்வேர் அத்தனையும் ஹார்ட்டாப். ஆகப் புத்தகம் கடைக்கு வந்தபோது, ஷோரூமில் நின்றது திருந்தின கார். அண்ணன் பட்ட கடனுக்குத் தம்பி வீட்டில் ஜப்தி!

1965ல் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் தயாரானது. 1966ல் ஒரு லட்சம் சொச்சம். கடைசி வருஷமான 1969ல் ஆறாயிரம். எல்லாப் பழியும் நேடருக்கு இல்லை. 1964ல் வந்த ஃபோர்டு மஸ்டாங் வாலிபர்களை வாரிக்கொண்டு போய்விட்டது. 1972ல் அரசாங்கமே பழைய மாடலைச் சோதித்து, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது தனியாக மோசம் என்று சொல்ல முடியாது என்று அறிக்கை கொடுத்தது. நேடர் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்ட பேரும் போகவில்லை.

காமர்ஸ் மூளை இங்கேதான் விழித்துக்கொண்டது. கணக்கில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. நல்ல பேருக்கு விலை. மஸ்டாங் வாங்குகிறவன் இரும்போடு அதற்கும் சேர்த்துக் கொடுக்கிறான். கோர்வேரில் அது கழிவு. போதாததற்கு நாலு கதவு; பழைய கார் பிரியர்களுக்கு இரண்டு கதவுதான் மோகம். இரண்டு தள்ளுபடியும் சேர்ந்து, நன்றாக வைத்திருந்த ஒரு வண்டி, புது டொயோட்டா கேம்ரி விலையில் பாதிக்குள் கிடைத்துவிடுகிறது.

வியாதிகளும் தெரிந்த வியாதிகள். எஞ்சினிலிருந்து எண்ணெய் கசியும். பழைய ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டு, சூடு தாங்குகிற வளையம் போட்டால் பெரும்பாலும் நிற்கும். ஃபேன் பெல்ட் முறுக்கிக்கொண்டு ஓடுகிற விசித்திர அமைப்பு. ஸ்பேர் பெல்ட் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. உண்மையான எமன் துரு. இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே எலும்பு. பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிற மிச்சிகனில், அடித்தளம் அரித்திருந்தால் மேல் பெயிண்ட் வெறும் பவுடர் பூச்சு. அண்ணன் காரைத் தூக்கி நிறுத்தி, ஒரு மெக்கானிக்கை விட்டு அடியில் தட்டிப் பார்க்கச் செய்திருந்தார். சத்தம் கெட்டியாக வந்ததாம்.

ஆனால் அண்ணி கேட்டது விலையை இல்லையே. அதற்கும் பதில் வேண்டுமே!

நேடர் கிளப்பின சூட்டில் 1966ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1967 மாடலில் பிரேக்கை இரண்டு தனி வழியாகப் பிரித்தார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். மோதினால் மார்பைக் குத்தாமல் மடங்குகிற ஸ்டியரிங் தண்டும் வந்தது. கோர்வேரில் நாலு கதவுக்கு அதுதான் கடைசி வருஷம். அண்ணனுக்கு வந்திருப்பது அந்த வருஷத்துக் கார்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய மற்றதையும் மறைக்கவில்லை: இடுப்பு பெல்ட் மட்டும்தான். தோள் பெல்ட் இல்லை, மாட்ட நடுத் தூணும் இல்லை. தலைக்குப் பின்னால் தாங்கல் இல்லை. காற்றுப்பை கனவிலும் இல்லை. அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். திரும்பும்போது கவிழ்க்காது, எவனாவது வந்து இடித்தால் காப்பாற்றவும் காப்பாற்றாது.

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘அப்ப வாங்கட்டும். பிள்ளைங்க ஏறக் கூடாது. ஹைவே போகக் கூடாது. முதல்ல நான் ஓட்டிப் பாக்கணும்’’ என்றார்.

மூன்று நிபந்தனைக்கும் அண்ணன் தலையாட்டினார். மூன்றாவதுதான் இப்போது தகராறு. ஓட்டிப் பார்க்க எடுத்த சாவியை அண்ணி இன்னும் திருப்பித் தரவில்லையாம். அண்ணன் காருக்குக் காற்று அடித்துக் கொடுக்கிறார். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று சீட்டெழுதி ஒட்டியிருக்கிறார். அதை எழுதிக் கொடுத்ததும் அண்ணிதான்!