தன் உடலைத் தானே படித்தல்

முதுகுத் தண்டில் அடிபட்டவருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஆஸ்பத்திரியின் பணி முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னர்ப் பாடம் தொடங்குகிறது. அப்பாடத்தின் முதல் மாணவர் நோயாளியே. வீட்டார் அவருக்கு அடுத்தபடிதான். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, நாங்கள் கண்டவற்றை இங்கு எழுதுகிறோம்.

2023-ஆம் ஆண்டில் எங்கள் மைத்துனர், நாகபுரியில் கட்டட வேலையில் இருந்தபோது, சாரத்திலிருந்து தவறி விழுந்தார். வயது இருபத்து நான்கு. தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அறுவை முடிந்து மறுவாழ்வுப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே நர்ஸ் அம்மையார் நாள்தோறும் ஒரு பாடம் சொன்னார்; சொன்னது இந்தியில். கடைவீதிக்குப் போதுமாயிருந்த மைத்துனரின் இந்தி, சிறுநீர்ப்பையைப் பற்றிய பாடத்திற்குப் போதவில்லை. ஆகவே ஆபீஸ் முடிந்ததும் நாங்கள் சென்று, பாடத்தைத் தமிழில் சொல்வது வழக்கமாயிற்று.

பாடங்கள் எளியவை, ஆனால் உயிரைக் காப்பவை. உணர்வற்ற தோல் வலியால் எச்சரிக்காது. ஆதலால் படுக்கையில் இருக்கும்போது, தொடக்கத்தில் இரண்டு மணிக்கொரு முறை புரண்டு படுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தால், கால் மணி முதல் அரை மணிக்குள் ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ, முன்புறம் நன்கு சாய்ந்தோ அழுத்தத்தை நீக்க வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி கொண்டு பிட்டம், வால் எலும்பு, குதிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அழுத்தம் நீங்கியும் மறையாத சிவப்பு, படுக்கைப் புண்ணின் தொடக்கம். வெந்நீரின் சூட்டை உணர்வுள்ள கையால் சோதித்த பின்னரே காலில் ஊற்ற வேண்டும். கையைச் சுத்தமாகக் கழுவி, நான்கு முதல் ஆறு மணிக்கொரு முறை குழாய் செலுத்திச் சிறுநீரைத் தாமே வெளியேற்றவும் கற்பித்தார்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார் இதைக் கேட்டுக் கண் கலங்கினார். "நான் ஒருத்தி இருக்கும்போது பிள்ளைக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார். நர்ஸ் அம்மையார் கோபிக்கவில்லை. "நீங்கள் தூங்கும் வேளையில் யார் பார்ப்பது?" என்று கேட்டு, கண்ணாடியை மைத்துனரின் கையில் கொடுத்தார். அவரோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதனைக் கையில் வாங்கினால், கால் இனி வராது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என அஞ்சினார் போலும். பல நாள் அது தலையணை அருகிலேயே கிடந்தது.

இத்தகைய கல்வி எளிதில் வந்ததன்று. முன்னாளில் இவ்வாறு அடிபட்டோரில் மிகப் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சை அந்நிலையை மாற்றியது. நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாகவும் காரணராக இருந்தார். இதனை மைத்துனரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவுக்குக் கண்ணாடியை யார் பிடித்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை நாங்கள் சென்றபோது, இடக் குதிகாலில் சிவப்பு இருப்பதாக நர்ஸ் அம்மையாருக்கு அவர் தாமே சொல்லியிருந்தார். அதுவும் இந்தியில். குதிகால் படுக்கையில் படாதபடி காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்கள், புண் வரவில்லை.

அன்பர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். மார்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் முகத்தில் வியர்வையும் கண்டால், இரத்த அழுத்தம் அபாயமாக ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் தேங்கியுள்ளதா, குழாய் மடங்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். தாமதமின்றி டாக்டரையும் அழைக்க வேண்டும்.

நம் சங்கத்தில் உள்ளூர் மொழி அறிந்தோர் பலர். ஆஸ்பத்திரியில் தமிழர் ஒருவர் இந்நிலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டால், பழமும் ஹார்லிக்சும் கொண்டு செல்வதோடு ஒரு மணி நேரம் அருகில் அமருங்கள். டாக்டர் சொல்வதை வீட்டாருக்கு மட்டும் சொல்லாமல், படுத்திருப்பவருக்கே தமிழில் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்வியையும் அப்படியே டாக்டரிடம் சேர்ப்பியுங்கள்.