சுவருக்குள் நின்ற வெள்ளம்

வெள்ளம் வருவதை ஊரே பார்க்கிறது. அது வடிவதையும் ஊரே பார்க்கிறது. ஆனால், வீட்டுச் சுவருக்குள் புகுந்த நீர் எப்போது வெளியேறுகிறது என்பதை எவரும் பார்ப்பதில்லை. முற்றத்தில் மண் தெரிந்தவுடன் இடர் நீங்கிற்று என்று மனம் ஆறுதல் கொள்கிறது. அந்த ஆறுதலே பல குடும்பங்களுக்கு இரண்டாவது இழப்பாக முடிவதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியபோது, களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டியில் உள்ள எங்கள் உறவினர் ஒருவரின் வீட்டிலும் இடுப்பளவு நீர் நின்றது. நீர் வடிந்து இரு வாரங்கள் கழியுமுன் அவர் தொலைபேசியில் எங்களிடம் கேட்ட கேள்வி இது: "அண்ணன், தைப்பொங்கலுக்கு முன்னம் பெயின்ற் அடிச்சு முடிச்சிடலாம்தானே?"

"பொறு தம்பி" என்றோம். அந்த மறுமொழி அவருக்குச் சற்றுக் கசந்திருக்கும். பட்ட துன்பத்தின் தடயத்தைக் கண்முன்னிருந்து அகற்றிவிட வேண்டும் என்று துடிப்பவனிடம் பொறு என்பது எளிதன்று. ஆயினும், அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. அதனை எழுதி வைத்தால் வேறு சில குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும்.

மட்டக்களப்பில், வாவிக்கரையை அடுத்த தாழ்வான ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. முன்பகுதி தாத்தா காலத்தது. ஒன்பது அங்குலக் கனமுள்ள செங்கற் சுவர்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. பின்னர் அப்பா ஈரறைகளைச் சீமெந்தினால் கட்டிச் சேர்த்தார். 2011ஆம் ஆண்டு சனவரியில் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போது பாதிக்கப்பட்டனர். எங்கள் முன்கூடத்தில் இரண்டடி நீர் மூன்று நாட்கள் நின்றது. அது வடிந்து வீட்டைக் கழுவி முடித்த சூட்டோடு பெப்ரவரி முற்பகுதியில் மீண்டும் வெள்ளம் வந்தது.

அவ்வாண்டு ஆவணியில் எங்கள் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மட்டக்களப்பு வழக்கப்படி அந்த வீடே அவளுக்குரிய சீதனம். பெண்ணைக் கொடுக்கும்போது வீட்டையும் கையில் கொடுக்க வேண்டும். சேற்றுக் கறை படிந்த சுவரோடு சம்பந்தி வீட்டாரை வரவேற்பதா என்ற கவலை அம்மாவை வாட்டியது. அப்பா கடன் வாங்கினார். பங்குனி மாதத்தில் முன்கூடம் முழுவதும் விலையுயர்ந்த பிளாஸ்டிக் வர்ணம் பளபளக்கப் பூசப்பட்டது. பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். வெள்ளம் வந்த வீடு என்று சொல்ல முடியாது என்றனர்.

சித்திரை கழியவில்லை. சுவரில் அம்மைக் கொப்புளம் போல வர்ணம் உப்பிற்று. கைவைத்தால் உள்ளே நீர் அசைந்தது. வெண்மையான உப்புப் பூத்து, பூச்சு மாவாகக் கொட்டியது. இரண்டடி நின்ற வெள்ளத்தின் ஈரம் நாலடி உயரத்துக்கு ஏறியிருந்தது. பின்னறையில் அலுமாரியை நகர்த்தியபோது அதன் பின்புறச் சுவர் முழுதும் கரும்பச்சைப் பூஞ்சணம். அந்த அறையில்தான் அம்மம்மா படுப்பார். பல இரவுகளாக அவர் கட்டிலில் எழுந்தமர்ந்து இழுப்பினால் அவதிப்பட்டதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. முதுமை என்று எண்ணியிருந்தோம். சுவரை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

காத்தான்குடியிலிருந்து முதிய மேசன் ஒருவரை அப்பா அழைத்து வந்தார். அவர் எதையும் உடனே கூறவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு, "மேல பூசினது அழகுதான் மனே. ஆனா தண்ணிய உள்ள வெச்சுக் கதவப் பூட்டிட்டீங்க" என்றார்.

"அப்ப என்ன செய்யலாம் காக்கா?" என்று அப்பா கேட்டார்.

"நாலரை அடிக்குப் பூச்சக் கொத்தி எடுக்கணும். கல்லு காத்தப் பாக்கட்டும். வாடை போயிட்டு, இனிக் கச்சான் அடிக்கும். அதுதான் காயவைக்கும். அங்குலத்துக்கு ஒரு மாசம் எண்டு எங்கட வாப்பா சொல்லுவார்."

"கலியாணம் ஆவணியில."

"புள்ளைக்குப் பத்து மாசம் பொறுக்கிறம். செவருக்குப் பொறுக்கேலாதா?"

செங்கல்லும் சாந்தும் நுண்ணிய துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் அத்துளைகளின் வழியே மேலேறுகிறது. அந்த நீர் சுவரின் முகத்துக்கு வந்து ஆவியாக வேண்டும். காற்றுப் புகாத வர்ணம் அந்த வழியை அடைக்கிறது. நீரோடு கரைந்து வந்த உப்பு வர்ணத்தின் அடியில் பளிங்காகத் திரண்டு பூச்சைத் தள்ளி உடைக்கிறது. மேனாட்டுக் கட்டடத் துறையினரும், கனமான சுவர் உலர ஓரங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று பொதுக்கணக்கு வைத்திருக்கின்றனர். இருபுறமும் காற்றுப் பட்டால் காலம் குறையும். மழையும் மந்தாரமும் சூழ்ந்தால் கூடும். அந்த மேசனின் தந்தையார் சொல்லிவைத்த கணக்கும் இதுவே என்பது எங்களுக்குப் பிற்காலத்தில் வியப்பளித்தது.

வெள்ளம் புகுந்த வீட்டைச் சீர்செய்வது அந்நாடுகளில் தனியொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. நீரை இறைக்கும் இயந்திரம், சுவரின் ஈரத்தை அளக்கும் ஈரமானி, பெரிய விசிறிகள், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொறி ஆகியவற்றோடு பயிற்சி பெற்றவர்கள் வருகின்றனர். ஆயினும், அவர்களது முறை நான்கு சொற்களில் அடங்கும்: நீரை அகற்று, மூடியதைத் திற, காற்றை ஓடவிடு, அளந்து பார்த்த பின்னரே மூடு. ஈரம் உறிஞ்சும் பொறியை வாடகைக்கு எடுப்பவர்கள், அது இயங்கும்போது யன்னல்களை மூடிவைக்க வேண்டும். இல்லையேல் ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் அதுவே உறிஞ்ச நேரும். பொறி இல்லாதோர் வெயிலும் காற்றும் உள்ள வேளையில் கதவு யன்னல்களைத் திறந்து, மழை வேளையில் மூடி, விசிறியை ஓடவிடலாம்.

ஈரமானி இல்லாத வீட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவு விடவேண்டும். காலையில் தாளின் உட்புறம் நீர்த்துளி தெரிந்தால் சுவர் இன்னும் உலரவில்லை. எங்கள் மேசன் இதனை மாதந்தோறும் செய்தார். வைகாசியில் துளி, ஆனியில் துளி, ஆடியிலும் துளி.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, முதல் இரு நாட்களில் செய்ய வேண்டியவை சில உண்டு. பிரதான ஆளியை நிறுத்தாமல் நீர் புகுந்த வீட்டினுள் கால் வைத்தல் ஆகாது. ஆளி இருக்குமிடமே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மின்சார சபையினருக்கு அறிவிக்க வேண்டும். நனைந்த இணைப்புகளைத் தகுதியுள்ள மின்னிணைப்பாளர் சோதித்த பின்னரே மின்சாரம் தரலாம். கழுவுமுன் நீர் நின்ற உயரம் தெரியப் படம் எடுத்துக்கொண்டால் கிராம உத்தியோகத்தருக்கும் காப்புறுதியாளருக்கும் காட்ட உதவும். சேறு காயுமுன் கழுவுவது எளிது. காய்ந்தபின் அது கல். எலிக்காய்ச்சல் பரவும் காலம் ஆதலால் கையுறையும் முழங்கால் வரையான சப்பாத்தும் அணிய வேண்டும்; புண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நனைந்த மெத்தையும் தலையணையும் பெரும்பாலும் மீளா. ஓரிரு நாட்களிலேயே பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். கழுவுவதற்கு வெளிற்றும் திரவத்தைப் பயன்படுத்துவோர் அதனை அமிலத்தோடோ அமோனியாவோடோ கலத்தல் கூடாது. எழும் நச்சுவாயு உயிருக்கே கேடு.

கிணற்றை இறைப்பதிலும் நிதானம் தேவை. சுற்றுநிலம் நீரில் ஊறியிருக்கையில் விரைந்து இறைத்தால் கிணற்றுக் கட்டு உட்பக்கமாகச் சரியக்கூடும். நிலநீர் இறங்கிய பின் இறைத்துத் துப்புரவாக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும் அளவில் வெளிற்றுந்தூள் இட வேண்டும். அதுவரை கொதித்தாறிய நீரே நன்று.

மரத் தளபாடங்களை நாங்கள் வெயிலில் போட்டோம். தேக்கு அலுமாரியின் கதவு வளைந்தது. நிழலில், செங்கல்லின் மேல் நிறுத்தி மெல்ல உலர்த்தியிருக்க வேண்டும். இறுகிய லாச்சிகளை முன்னாலிருந்து இழுத்து உடைத்தோம். பின்பலகையைக் கழற்றித் தள்ளியிருந்தால் அவை பிழைத்திருக்கும்.

எல்லாவற்றிலும் எங்களை வருத்துவது ஒரு புகைப்படம். அம்மாவின் திருமணப் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உலரவிட்டுப் பின் உரித்தோம். அப்பாவின் முகம் தாளிலும் அம்மாவின் முகம் கண்ணாடியிலுமாகப் பிரிந்தன. ஈரமாக இருக்கும்போதே தூய குளிர்நீரில் மிதக்கவிட்டு, மெல்ல விலக முயன்றிருக்க வேண்டும் என்பதைக் காலம் கடந்து அறிந்தோம். வீட்டு உறுதியை மட்டும் அம்மா தாளுக்குத் தாள் ஒற்றி, மாற்றி மாற்றி, நிழலில் உலர்த்திக் காப்பாற்றினார். 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரை ஆர்னோ நதி மூழ்கடித்தபோது, தேசிய நூல் நிலையத்தின் நனைந்த ஏடுகளுக்கிடையே ஒற்றுத்தாள் வைத்தனர். பெருந்தொகையான நூல்களைப் புகையிலை உலர்த்தும் கூடங்களுக்குக் கொண்டுசென்று காயவைத்தனர். உலகப் புகழ் பெற்ற நூல்களுக்கும் எங்கள் வீட்டு உறுதிக்கும் மருந்து ஒன்றே: சிறிது காற்று, நிறைந்த பொறுமை.

ஆவணி வந்தது. முன்கூடத்தின் இருபுறச் சுவரும் இடுப்புக்கு மேல்வரை வெறுஞ் செங்கல்லாகவே நின்றன. சேலைகளைக் கட்டி மறைத்துவிடலாம் என்று அம்மா கூறினார். அப்பா சிறிது நேரம் பேசாதிருந்தார். "ஒருதரம் மறைச்சதே போதும். வீடு அவையிட பிள்ளைக்குத்தானே போகுது. இருக்கிறபடி பார்க்கட்டும்" என்றார்.

சம்பந்தி வீட்டார் வந்தனர். மாப்பிள்ளையின் தந்தையார் அமர்வதற்கு முன் சுவரருகே சென்று செங்கல்லைத் தடவிப் பார்த்தார். அம்மா தலைகுனிந்து நின்றார். "நாங்கள் மாசியிலேயே பூசிப்போட்டம் தங்கச்சி. இப்ப எல்லாம் உதிருது. உங்கட மேசனை எங்களுக்கும் ஒருக்கா அனுப்புங்கோ" என்றார் அவர். கலியாணம் அந்தச் செங்கற் சுவர்களுக்கிடையில் குறைவின்றி நடந்தேறியது.

பொலித்தீன் தாளில் துளி காணாத நாள் புரட்டாதி இறுதியில் வந்தது. சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடித்தோம். அது சுவரை மூச்சுவிடச் செய்யும். ஆளிகளையும் மின்செருகிகளையும் நாலடிக்கு மேல் உயர்த்தினோம். அம்மம்மாவின் இழுப்பு முற்றும் நீங்கியது என்று சொல்லமாட்டோம். ஆயினும் இரவில் படுத்துறங்கினார். 2024 நவம்பரில் எங்கள் ஒழுங்கைக்கு மீண்டும் நீர் வந்து வீட்டில் ஒரு சாண் நின்றபோது, எவரும் வர்ணக்காரரைத் தேடவில்லை. தங்கையின் மூத்த பிள்ளை பொலித்தீன் தாளையும் ஒட்டுநாடாவையும் எடுத்துவந்தான்.

இவையனைத்தையும் வெல்லம்பிட்டி உறவினருக்குச் சொன்னோம். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்ப இந்தப் பொங்கலுக்குச் சுவர் இப்படியேதான்" என்றார். ஆம், இப்படியேதான். நொந்த உடம்புக்குப் பட்டாடை மருந்தாகாது. நனைந்த வீட்டுக்கும் அவ்வாறே. புதிய வர்ணத்தை வரும் ஆண்டுக்கு விட்டு, இவ்வாண்டுப் பொங்கலை அவர் முற்றத்தில் பொங்கட்டும். சுவர் காற்றைப் பார்க்கட்டும்.