வரைவு என்னும் எச்சரிக்கை

பைத்தான் நிரல்மொழியில், புதிய வசதிகள் சேர்க்கப்படும் ஆல்ஃபா, சேர்ப்பு நின்று பிழைதிருத்தம் மட்டும் நடைபெறும் பீட்டா, இறுதி வடிவத்தை ஏறத்தாழ எட்டிவிட்ட ஆர்சி எனும் முன்வெளியீடுகளைக் கடந்தே ஒவ்வொரு பதிப்பும் வெளிவருகிறது.

ஒவ்வொரு பதிப்பின் மாற்றங்களையும் பைத்தான் திட்டத்தின் இணையதளத்தில் விளக்கும் ஆவணம், முன்வெளியீட்டுக் காலத்தில், தான் இன்னும் வரைவே என்று முகப்பிலேயே எச்சரிக்கிறது. வாசகரோ அவ்வரியைத் தாண்டி, புதுமைப் பட்டியலுக்கே விரைகின்றனர்.

அவ்வெச்சரிக்கை வெறும் சம்பிரதாயமன்று. 3.10 பதிப்பின் ஆல்ஃபாக்களில் இயல்புநிலையாக இடம்பெற்றிருந்த, நிரலிலுள்ள வகைக்குறிப்புகளை உடனே மதிப்பிடாமல் தள்ளிப்போடும் முறை, அவற்றை இயக்கநேரத்தில் பயன்படுத்தும் நூலகங்களைப் பாதிக்கும் என்பதால், 2021 ஏப்ரலில் பைத்தானின் வழிநடத்தும் குழுவின் முடிவின்படி அந்நிலையிலிருந்து விலக்கப்பட்டது.

வந்தவற்றை மட்டுமன்றி, வராமற்போனவற்றின் காரணத்தையும் இறுதி ஆவணம் சொல்ல வேண்டாமா?