பட்டியலும் பழியும்

ஒரு வீட்டின் செலவு காரணமின்றிக் கூடும்போது, அவ்வீட்டார் பொருள்களை ஆராய்வதற்கு முன்னர் ஆட்களையே ஆராயத் தொடங்குவர். அரிசி விரைவில் முடிந்தால் சமைத்தவரையும், கிணற்று நீர் கலங்கினால் கடைசியாக அள்ளியவரையும் நோக்கியே கண்கள் திரும்பும். பொருள் பேசாது, மனிதர் பேசுவர், தடுமாறுவர், தலைகுனிவர். ஆதலினாற்போலும், பொருளிற் பிழை தேடுவதிலும் மனிதரிற் பிழை காண்பது எளிதாகிவிடுகின்றது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்கு நடந்து செல்லக்கூடிய தொலைவில், திருநெல்வேலியில் ஒரு வீட்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அவ்வீட்டில் நால்வர் வாழ்ந்தனர். கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவர் மனைவி, எண்பத்தேழு வயதான தாயார், பக்கத்து அறையில் வாடகைக்கிருந்த மாணவி ஒருத்தி. மாணவி மஸ்கெலியாவைச் சேர்ந்தவள். தோட்டத்து லயன் வீடொன்றிலிருந்து வந்து புவியியல் பயின்றுகொண்டிருந்தாள். அவள் அவ்வீட்டிற்கு வந்து அப்போது ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் ஏறத்தாழ 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்ட காலம் அது. ஆகவே மார்ச் மாதப் பட்டியல் பெருத்து வந்தபோது வீட்டார் வியப்படையவில்லை. ஊர் முழுவதும் அதே புலம்பலாகவே இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த பட்டியலோ வேறு வகையினது. முன்னைய மாதம் 84 அலகும் 4,178 ரூபாவும். இம்மாதம் 171 அலகும் 9,330 ரூபாவும். வரி இதற்குப் புறம்பு. அக்கால விதிப்படி, 60 அலகைத் தாண்டிய வீடுகளுக்கு 90 அலகு வரை அலகொன்று 42 ரூபா. அதற்கு மேல் 180 வரை 50 ரூபா. 90ஐத் தாண்டியவுடன் நிலையான கட்டணமும் 650 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாகப் பாய்ந்தது. எனவே அலகு இருமடங்காகியபோது பணம் இருமடங்கிலும் கூடிற்று. ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று.

கட்டண உயர்வு ரூபாவின் பெருக்கத்தை விளக்கும். அலகின் பெருக்கத்தை விளக்காது. அலகு கூடியதாயின் வீட்டினுள் ஏதோ ஒன்று கூடுதலாக மின்சாரத்தை உண்டிருத்தல் வேண்டும். இவ்வளவும் ஆசிரியர் சரியாகவே எண்ணினார். பிழை அதற்கடுத்த படியிலேயே நேர்ந்தது. "ஏதோ ஒன்று" என்பது அவர் அறியாமலே "யாரோ ஒருவர்" என மாறிற்று.

அன்று மாலை ஆசிரியரின் மனைவி மாணவியிடம் மெல்லக் கேட்டார்: "பிள்ளை, இரவிலை கனநேரம் லைற் எரியுது போலை கிடக்கு?"

"பரீட்சை வருதும்மா. இனிக் கவனமா இருக்கேன்" என்றாள் அவள்.

அக்கேள்வி அதனோடு நிற்கவில்லை. வேலியருகே நின்று பேசிய அயலவர் ஒருவர், "தோட்டத்துப் பிள்ளையளுக்குக் கரண்டுக்குக் காசு கட்டிப் பழக்கமிருக்காது" என்று கூறிச் சென்றார். ஆசிரியர் அதனை ஏற்கவில்லை, மறுக்கவுமில்லை. மறுக்காதிருந்தமையே ஏற்றுக்கொண்டமைக்கு நிகராயிற்று. அறைச் சாளரம் திறந்திருந்தமையால் அச்சொல் உரியவளின் செவியிலும் விழுந்தது.

அச்சொல்லிலுள்ள முரண் சிந்திக்கத்தக்கது. மஸ்கெலியாவின் பழைய நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்காக நீரில் மூழ்கியது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவில் வெளியே தெரியும். மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென 1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திர எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அன்று தொட்டு நாட்டின் வீடுகளுக்கு வெளிச்சம் அனுப்பிவருபவை அம்மலைகள். அம்மலைகளின் லயன்களிற் பலவோ அவ்வெளிச்சத்தைத் தாம் காண நெடுங்காலம் காத்திருந்தன. அங்கிருந்து வந்த பெண்ணுக்கு மின்சாரத்தின் பெறுமதி தெரியாதென்று, அம்மின்சாரத்தைப் பெறும் ஊரிலிருந்தே ஒருவர் கூறினார்.

மாணவி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் அவள் நூலகம் மூடும்வரை அங்கேயே இருந்து படித்தாள். கணினிக்கும் தொலைபேசிக்கும் அங்கேயே மின்னேற்றிக்கொண்டாள். உடைகளைப் பெட்டிபோடாமல் மடித்துத் தலையணையின் கீழ் வைத்து உடுத்தாள். இரவு பத்து மணிக்கு அவள் அறை இருண்டுவிடும். இதனை முதலிற் கவனித்தவர் ஆச்சியே. யாழ்ப்பாணத்தில் 1990இல் மின்சாரம் நின்றுபோனபின் ஆண்டுக்கணக்காக மண்ணெண்ணெயும் கிடையாத காலத்தில், ஜாம் போத்தலுக்குள் சில துளி எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறையே படித்தது. ஆசிரியர் அத்தகைய விளக்குகளின் முன்னிருந்தே பல பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தவர்.

"ஜாம் போத்தல் விளக்கிலை படிப்பிச்சனீ. இண்டைக்கு லைற் இருக்க ஒரு பிள்ளையை இருட்டிலை இருத்தி வைச்சிருக்கிறாய்" என்றார் ஆச்சி.

மகன் விடையளிக்கவில்லை. ஆயினும் ஒரு முடிவுக்கு வந்தார். புத்தாண்டு விடுமுறைக்காக மாணவி 10ஆம் திகதி ஊருக்குப் புறப்பட்டாள். அன்று காலை ஆசிரியர் மின்மானியின் எண்ணைக் குறித்து வைத்தார். அவள் இல்லாத நாள்களில் அலகு குறைந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்பது அவர் எண்ணம். காரணத்தைக் கண்டறிதல் அப்போது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஏற்கெனவே வழங்கிய தீர்ப்புக்குச் சாட்சி தேடுவதே நோக்கமாயிருந்தது. 20ஆம் திகதி அவள் திரும்பிய காலை மீண்டும் எண்ணைப் பார்த்தார். பத்து நாளில் 49 அலகு.

அவ்வேளையிலேதான் கணித ஆசிரியர் தம் வாழ்நாட் தொழிலை நினைவுகூர்ந்தார் எனலாம். தாளொன்றை எடுத்து மாணவியின் செலவைப் பகுத்தெழுதினார். 50 வாற்று விசிறி இரவிற்கு ஏழு மணி நேரமாக மாதத்திற்குப் பத்தரை அலகு. கணினி நாளுக்கு நான்கு மணி நேரமாக ஆறு அலகு. 1,000 வாற்று அழுத்திப் பெட்டி நாளுக்குப் பத்து நிமிடமாக ஐந்து அலகு. அத்தனை பேச்சுக்கும் காரணமான 9 வாற்று மின்குமிழ், இரவிற்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும், ஒன்றரை அலகுக்கும் குறைவு. யாவுஞ் சேர்ந்தால் ஏறத்தாழ 23 அலகு. முன்னைய 84 அலகினுள் அதுவும் அடக்கம். ஏனெனில் அவள் ஒன்றரை ஆண்டாக அங்கேயே இருந்தாள். பழைய கணக்கின்படி அவள் இல்லாத பத்து நாளுக்கு 20 அலகு போதும். பதிவானதோ 49. மிகுதி 29 அலகையும் உண்டது அவ்வீட்டிலேயே இருந்தது, அது அவளன்று.

அதன்பின் தேடல் பொருள்களின் பக்கம் திரும்பியது. பழைய மின்மானிகளில் ஒரு தட்டுச் சுழலும். ஹங்கேரியரான பிளாதி 1889இல் ஆக்கவுரிமை பெற்ற அமைப்பு அது. அவ்வீட்டிலிருந்த இலத்திரனியல் மானியிலோ சிறு சிவப்பு விளக்கொன்று துடிக்கும். அலகொன்றுக்கு 1,600 துடிப்பு என அதன் முகத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் எல்லா ஆளிகளையும் அணைத்தார். துடிப்பு நின்றது. எனவே கம்பிகளிற் கசிவில்லை என்பது பெறப்பட்டது. பின்னர் ஒவ்வொரு சுற்றாகத் திறந்தார். குளிர்சாதனப் பெட்டி இயங்கியபோது நிமிடத்திற்கு மூன்று துடிப்பு; ஏறத்தாழ 110 வாற்று. அது இடையிடையே ஓய்ந்தும் நின்றது, குறை சொல்வதற்கில்லை. கிணற்றடி நீர்ப்பம்பியின் ஆளியைத் திறந்தபோது துடிப்பே இல்லை. அதனையும் குற்றமற்றதென எழுதிக்கொண்டார். முற்பகல் பத்து மணிக்குத் தாங்கியில் நீர் நிரம்பியிருந்ததால் பம்பி அவ்வேளை இயங்கவில்லை என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. உறங்குபவனைப் பார்த்து, இவன் நடக்கமாட்டான் என்று முடிவு செய்தமை போன்றதே அது.

அன்று மாலை, அவர் மானியின் முன்னே தாளோடு நிற்பதைக் கண்ட மாணவி, சற்றுத் தயங்கியபின் தன் அறையிலிருந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஐயா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நானும் எழுதி வச்சிருக்கேன்."

ஏப்ரல் 3 முதல் 9 வரை, நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் மானி காட்டிய எண்கள் அதில் நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தன. ஏன் எழுதினாள் என ஆசிரியர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. என்றோ ஒரு நாள் தன்னை விசாரிப்பர், அன்று தன் சொல் எடுபடாது, எண்ணொன்றே எடுபடும் என அப்பெண் கருதியிருந்தாள். தம் வீட்டில் வாழும் ஒரு பிள்ளைக்கு அவ்வாறு கருத நேர்ந்ததே என்ற எண்ணம் அந்தப் பட்டியலிலும் பாரமாக அவர்மீது விழுந்தது.

எண்கள் ஒரு செய்தியையும் கூறின. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இரண்டேகால் அலகு செலவாகியிருந்தது. மூன்று விசிறிகளுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒன்றேகால் அலகு போதும். எல்லாரும் உறங்கும் வேளையிலும் ஏதோ ஒன்று விழித்திருந்தது.

"சாமத்திலை மோட்டர் ஓடுது எண்டு ஒரு மாதமாச் சொல்லுறன். ஆர் கேட்டனியள்?" என்றார், பின்விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி.

அவர் சொன்னது உண்மையே. பம்பி கிணற்றடியில், ஆச்சியின் அறைக்கு அருகில் இருந்தது. முன்னறையில் விசிறி இரைச்சலுள் உறங்கியவர்களுக்கு அதன் ஒலி எட்டவில்லை. வயதானவரின் கனவென்று அவர் சொல்லைத் தள்ளிவிட்டனர். அன்றிரவு ஒரு மணிக்கு ஆசிரியர் கைவிளக்குடன் மானியின் முன் காத்திருந்தார். பம்பி முனகத் தொடங்கியது. சிவப்பு விளக்கு இரண்டு விநாடிக்கு ஒரு முறை துடித்தது. ஏறக்குறைய 1,100 வாற்று. தாங்கியில் நீர் குறைந்தால் மிதவை ஆளி தானாகவே பம்பியை இயக்கும். வீட்டார் அனைவரும் உறங்க, தாங்கியின் நீர் குறைந்தது எவ்வாறு?

காலையில் முற்றமெங்கும் தேடியும் ஈரம் காணப்படவில்லை. மாணவியே விளக்கமளித்தாள். அப்பகுதியின் செம்மண் நீரை விரைந்து உறிஞ்சும். அடியிலுள்ள சுண்ணக்கல்லோ அதனை மேலும் கீழே இறக்கிவிடும். எனவே நீர் மேலே தேங்கி நிற்குமென எதிர்பார்த்தல் கூடாது. பச்சை எங்கே மிகுந்துள்ளது என்றே பார்த்தல் வேண்டும் என்றாள். சித்திரை வெயிலில் வளவு முழுவதும் வாடியிருக்க, வெளிக்குழாயருகே நின்ற வாழைகள் மட்டும் கார்த்திகை மழை கண்டவைபோற் செழித்திருந்தன. அங்கே தோண்டியபோது, நிலத்தடிக் குழாயின் இணைப்பொன்று வெடித்து நீர் ஓயாது ஒழுகுவது தெரிந்தது. கிணற்றினுள் இறங்கும் குழாயின் அடிவலையிலும் சுண்ணாம்பு படிந்து பாதி அடைத்திருந்தது. ஆகவே பம்பி முன்னர் அரை மணியில் இறைத்த நீரை இறைக்க ஒரு மணிக்கு மேலாயிற்று. ஒரு குறை மற்றதைப் பெருக்கியது. திருத்துவதற்குச் சிறு குழாய்த்துண்டொன்றும் அரை நாட் கூலியுமே தேவைப்பட்டன.

அடுத்த முழு மாதப் பட்டியலில் 86 அலகு பதிவாகியிருந்தது.

மாணவி அதற்குள் வேறோர் அறை பேசியிருந்தாள் என்பது பின்னரே தெரியவந்தது. ஆசிரியர் ஒரு மாலை அவளை அழைத்து, "பிள்ளை, கணக்கிலை பிழை விட்டது நான்" என்றார். நாற்பதாண்டு காலம் பிறர் கணக்கிற் பிழை கண்டவருக்கு அவ்வொரு வாக்கியம் எளிதாக வந்திராது. அவர் மனைவி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அன்றிரவு பத்து மணிக்குப் பின்னர் தேத்தண்ணீருடன் சென்று, இருண்டிருந்த அறையின் ஆளியைத் தாமே அழுத்தி விளக்கேற்றிவிட்டு வந்தார். மாணவி வேறிடம் போகவில்லை. அவ்வீட்டிலேயே தங்கித் தன் படிப்பைத் தொடர்ந்தாள்.

குழாயில் ஏற்பட்ட வெடிப்பு ஒரே நாளில் அடைபட்டது. அலகு ஒரு மாதத்திற் பழைய நிலைக்கு இறங்கிற்று. ஆனால் யாரும் கேளாதபோதும், வற்புறுத்தி வேண்டாமென்று சொன்னபோதும், அப்பிள்ளையின் அறை விளக்கு பத்து மணிக்கு அணைவது மட்டும் நெடுநாள் மாறவில்லை.